தாலியும் மூக்குத்தியும் கோர்ட்டுக்குப் போன கதை

(திரையில்: ஒரு மூக்குத்தி, மிக அருகில்)

வணக்கம். மிளகில் பாதி இருக்குமா இது? இத்துனூண்டு தங்கம் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளம்பி ஜோகன்னஸ்பர்க் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய் வந்தது. 2004-ல் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை விடுமுறையில் மூக்குக் குத்திக்கொண்டு பள்ளிக்குத் திரும்பினாள். பள்ளி விதியில் காதுக்குச் சின்னக் கம்மல் உண்டு, கைக்கடிகாரம் உண்டு, மூக்குக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. கழற்று என்றார்கள். அம்மா விடவில்லை. எங்கள் குடும்பத்தில் பெண் பெரியவளானால் மூக்குக் குத்துவோம், பதினாறாவது பிறந்தநாளில் பாட்டி அந்தத் தங்கத்தை எடுத்துவிட்டு வைரம் வைப்பார், இதை ஃபேஷன் என்று நினைக்காதீர்கள் என்றார்.

பள்ளி திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்: உங்கள் மதத்தில் இது கட்டாயமா?

கட்டாயம் இல்லை. அதை அந்தக் குடும்பமே மறைக்கவில்லை. நம் ஆட்களில் மூக்குத்தி போடாதவர்கள் எத்தனை பேர்! டர்பனில் பாகுபாட்டு வழக்குகளைப் பார்க்கும் சமத்துவ நீதிமன்றம் பள்ளி பக்கம் நின்றது, உயர் நீதிமன்றம் அதை மாற்றியது, கடைசியில் 2007 அக்டோபரில் தலைமை நீதிபதி பயஸ் லாங்கா எழுதிய தீர்ப்பு வந்தது. கட்டாயமா விருப்பமா என்பது முக்கியமே இல்லை, அவள் மனசார நம்பிச் செய்கிறாளா என்று பார்த்தால் போதும், விரும்பிச் செய்யும் வழக்கத்துக்கும் அதே பாதுகாப்பு உண்டு என்றது அது. இதை விட்டால் நாளைக்கு ஒருத்தன் சடைமுடியோடு வருவான், இன்னொருத்தன் உடம்பெல்லாம் குத்திக்கொண்டு வருவான் என்று பள்ளி பயந்ததற்கும் பதில் இருந்தது: அப்படி வந்தால் அது பயப்பட வேண்டிய ஊர்வலம் இல்லை, கொண்டாட வேண்டிய ஊர்வலம். எனக்குப் பிடித்த இடம் இதுதான். என்ன, தீர்ப்பு வருவதற்குள் அந்தப் பெண் பள்ளிப்படிப்பையே முடித்துவிட்டாள்.

சரி, இன்றைய கேள்விக்கு வருவோம். மதத்துக்கு மனித உரிமை வேண்டுமா, மனித உரிமைக்கு மதம் வேண்டுமா? டர்பனில் நம் ஆட்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஆயாவைக் கேட்டால், சாமி இல்லாமல் நியாயம் ஏது என்பார். என் கணக்கு வேறு. கொடுக்கல் வாங்கல் இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் சமமாக இல்லை. மதம்தான் உரிமையிடம் அதிகம் கடன் பட்டிருக்கிறது.

(திரையில்: மஞ்சள் கயிற்றில் தாலி)

1913 மார்ச் 14. கேப் மாகாண உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, அரசில் பதிவும் ஆகாத கல்யாணம் இந்த நாட்டில் செல்லாது. வழக்கு ஒரு முஸ்லிம் பெண்ணைப் பற்றியது, ஆனால் அடி எல்லார் மேலும் விழுந்தது. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை, அவள் பிள்ளைகள் முறை தவறிப் பிறந்தவர்கள். அந்த வருஷம் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியதற்கு இது பெரிய காரணம். டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து போனவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் இடுப்பில் கைக்குழந்தையோடு. நேட்டாலில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் போய், ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரியை எடுக்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று சொன்னவர்கள் அவர்கள்தான். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த தில்லையாடி வள்ளியம்மை ஜெயிலிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-ல் இறந்தபோது வயது பதினாறு.

அந்தப் பெண்களைத் தெருவுக்கு இழுத்து வந்தது தாலி மேல் இருந்த பக்தி. அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அவர்கள் போய்க் கேட்டது சட்டத்திடம். கோயிலில் கேட்டிருந்தால், நீ மனைவிதான் அம்மா என்று எந்தக் குருக்களும் சொல்லியிருப்பார், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதே மண்ணில் மதம் இன்னொரு வேலையும் பார்த்தது. 1948-ல் நிறவெறி அரசைத் தொடங்கிய பிரதமர் மலான், டச்சு சீர்திருத்தத் திருச்சபையில் பட்டம் பெற்ற போதகர். பைபிளில் ஆதாரம் காட்டித்தான் மனிதர்களைப் பிரித்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 10-ல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்துக்கு 48 நாடுகள் ஆதரவு, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. நிறவெறிக்காக ஒதுங்கிய தென்னாப்பிரிக்காவும், மதம் மாறும் உரிமை பிடிக்காத சவூதியும் அந்த எட்டில் அடக்கம். நல்ல ஜோடி! அப்புறம் 1982-ல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளே நிறவெறிக்குச் சமய நியாயம் சொல்வது மதத்துரோகம் என்று அறிவித்தன. பைபிள் இரண்டு பக்கமும் அதேதான்.

அதனால்தான் இன்றைய அரசியலமைப்பு 15-ம் பிரிவில் மத சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு, 31-ம் பிரிவில் ஒரு கடிவாளமும் போடுகிறது: உங்கள் சமய வழக்கம் மற்ற உரிமைகளோடு மோதக்கூடாது. 2000-ல் 196 கிறிஸ்தவப் பள்ளிகள் சேர்ந்து, பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்க எங்கள் வேதம் சொல்கிறது, அனுமதி கொடுங்கள் என்று கேட்டன. கிடைக்கவில்லை. மூக்குத்திக்கு இடம் கொடுத்த அதே நீதிமன்றம்தான். மூக்குத்தி அடுத்தவன் முதுகில் விழுவதில்லையே.

(திரையில்: கல்யாணப் பதிவேடு, ஓரத்தில் குங்குமக் கறை)

தாலிக் கதை அந்தப் போராட்டத்தோடு 1914-ல் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இந்து முறையில் மட்டும் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் கணவர் உயில் எழுதாமல் இறந்துபோக, அவள் சொத்துக்கு உரிய மனைவிதானா என்ற வழக்கு டர்பன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. மனைவிதான் என்று தீர்ப்பு வந்தது 2008-ல். சியர்ல் தீர்ப்புக்குப் பிறகு 95 வருஷம்!

ஆனாலும் அவள் கோர்ட் ஏற வேண்டியிருந்தது, பாருங்கள். போன வருஷம் என் மாமா பெண் கல்யாணத்தில், தாலி கட்டி அட்சதை தூவி எல்லாரும் பிரியாணிப் பந்திக்கு ஓடிய பிறகு, குருக்கள் ஓமகுண்டத்துக்குப் பக்கத்திலேயே பதிவேட்டைத் திறந்தார். மணப்பெண் விரல் குங்குமம் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் அரசு அங்கீகரித்த திருமணப் பதிவாளரும்கூட. எல்லாக் குருக்களும் அப்படி இல்லை. உங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் நாள் குறிக்கும்போதே அவரிடம் இதைக் கேட்டுவிடுங்கள், இல்லை என்றால் உள்துறை அலுவலகத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், காலையிலேயே போங்கள், வரிசை நீளம்.