பந்து கால்ல இல்லாத 87 நிமிஷம்

வணக்கங்க. உப்பளம் இந்திரா காந்தி ஸ்டேடியம் பக்கத்துல உட்கார்ந்து பேசுறேன். காத்து மைக்ல அடிக்கும், பொறுத்துக்கங்க. ஃபுட்பால்ல நடுவுல, அதாவது மிட்ஃபீல்டுல ஆடுற பசங்க எப்பவும் கேக்குறது ஒரே கேள்வி: எவ்ளோ ஓடணும்? பெரிய லீக்ல ஒரு மிட்ஃபீல்டர் மேட்ச்சுக்கு 10லேர்ந்து 12 கிலோமீட்டர் ஓடுறாரு, வாஸ்தவம். ஆனா பந்து அவரு கால்ல இருக்கிறது ரெண்டு மூணு நிமிஷந்தான். மிச்ச 87 நிமிஷம் என்ன பண்றாருன்னு கேளுங்க.

திரும்பித் திரும்பிப் பாக்குறாரு. பார்சிலோனா மிட்ஃபீல்டரா இருந்த ஷாவியோட பழைய மேட்ச் ஒண்ணு போட்டு, பந்தை விட்டுட்டு அவரு தலையை மட்டும் பாருங்க, புரிஞ்சிடும். நார்வேக்காரர் கெயிர் யோர்டெட் இதை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவர். பந்து வர்றதுக்கு முன்னாடி அடிக்கடி திரும்பிப் பாக்குறவங்களோட பாஸ்தான் அதிகமா சரியா போய்ச் சேருதுன்னு இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரங்களை வெச்சுக் காட்டினாரு. ஐரோப்பா சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு விட்டுடாதீங்க. இந்தியப் பெண்கள் அணிக்கு மிட்ஃபீல்டு ஆடின இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரங்கதான்.

எப்பப் பாக்கணும்ங்கிறதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. பந்து ஒருத்தர் கால்லேர்ந்து கிளம்பி இன்னொருத்தர் கிட்ட போய்ச் சேர்ற வரைக்கும் அது வழியை மாத்தாது. அதுதான் உங்களுக்குக் கிடைக்கிற நேரம், அப்பத் திரும்புங்க. அந்த ஆள் காலை வைக்கும்போது கண்ணு திரும்ப பந்து மேல வந்துடணும், ஏன்னா அடுத்து எங்க போகும்னு அந்த டச்சுலதான், அதாவது அவரு பந்தைத் தொடுற விதத்துலதான் தெரியும். பந்து உங்ககிட்ட வந்து சேர்ற கடைசி நொடியில திரும்பினீங்கன்னா டச்சு ரெண்டு மீட்டர் எகிறும், எதிராளி தூக்கிட்டுப் போயிடுவான். கோச் திட்டுவாரேன்னு சும்மா தலையை ஆட்டுற பசங்களும் இருக்காங்க. அது கழுத்துக்கு எக்ஸர்சைஸ், அவ்ளோதான்.

இதுக்கு ஒரு சுவர் போதும். ஆறேழு மீட்டர் தள்ளி நில்லுங்க, பின்னாடி ஒரு பத்து மீட்டர்ல கூட்டாளியை நிக்க வைங்க. பந்தை சுவத்துக்கு அடிச்சதும் திரும்பி, அவன் எத்தனை விரல் காட்டுறான்னு சத்தமா சொல்லணும். பந்து சுவத்துல பட்டுத் திரும்புறதுக்குள்ள கண்ணு முன்னாடி வந்துடணும். 20 பந்து, ஒரு நிமிஷம் ரெஸ்ட், மறுபடி 20, இப்படி நாலு தடவை. விரல் எண்ணிக்கை தப்பினா சுவத்துலேர்ந்து நிக்கிற தூரத்தைக் கூட்டுங்க. டச்சு தப்பினா அடிக்கிற வேகத்தைக் குறைங்க.

அடுத்து உடம்பு. சுவர் மாதிரி நேரா நின்னு வாங்காதீங்க, ஒருக்களிச்சு நில்லுங்க. பந்து வர்ற பக்கத்துக்கு எதிர்க் காலால, அதாவது தள்ளி இருக்கிற காலால வாங்கினா அந்த ஒரே டச்சுலயே முன்னாடி திரும்பிடலாம். முதுகுல ஆள் ஒட்டியிருந்தா மட்டும் இது வேணாம். வந்த பாஸை அப்படியே ஒரே டச்சுல திருப்பிக் குடுத்துட்டு இடம் மாறுங்க.

பாஸோட கனம் இருக்கே, அதைச் சொல்லிக் குடுக்கிறது கஷ்டம். பாண்டியில பெத்தாங்க், அதாவது இரும்புக் குண்டு வீசுற விளையாட்டு ஆடுற பெரியவங்களைப் போய்ப் பாருங்க. குண்டு எங்க விழுதுங்கிறதை விட, விழுந்தப்புறம் எவ்ளோ உருளும்ங்கிறதுதான் அவங்க கணக்கு. பாஸும் அதே கணக்குதான். ஆனா பந்துல காத்து சரியில்லன்னா எந்தக் கணக்கும் நிக்காது. விதிப்படி 0.6லேர்ந்து 1.1 அட்மாஸ்ஃபியர், கேஜ்ல பார்த்தா கிட்டத்தட்ட 8.5லேர்ந்து 15.6 பிஎஸ்ஐ. கரடுமுரடான கிரவுண்டுக்கு 9, 10 வெச்சா பந்து ரொம்ப எகிறாது. ஊசியை நனைக்காம சொருகினா வால்வு கிழியும், அப்புறம் நீங்க எவ்ளோ அடிச்சாலும் மறுநாள் காலையில பந்து தொளதொளன்னு கிடக்கும்.

கடலூர் சில்வர் பீச் மணல்ல ஓடுறது கெண்டைக்காலுக்கு நல்ல பலம் குடுக்கும். ஆனா மணல்ல பந்து உருளாது, அதனால பாஸ் பழக அது ஆகாது. புதுசா ஆரம்பிக்கிறவங்க 15 நிமிஷத்தோட நிறுத்துங்க. எடுத்ததும் ஒரு மணி நேரம் ஓடினா குதிகால் தசைநார் ரெண்டு வாரத்துக்கு உட்கார வெச்சிடும்.

வெயில்ல ஆடுறவங்க மேட்ச்சுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டுப் பாருங்க. ஒரு கிலோ குறைஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை போயிருக்குன்னு அர்த்தம், ஒண்ணேகால்லேர்ந்து ஒன்றரை லிட்டர் கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும். எளநீர் நல்லதுதான், ஆனா அதுல பொட்டாசியம் ஜாஸ்தி, உப்பு கம்மி. வேர்வையில போறது உப்பு. கூட உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ சேத்துக்கங்க. மேட்ச்சுக்கு மூணு மணி நேரம் முன்னாடி இட்லி சாப்பிடுங்க, வடை வேணாம். எண்ணெய் வயித்துலயே நிக்கும்.

நடுவுல ஆடுறவங்களை ஸ்கோர்போர்டு காட்டாது. 2003ல ரியல் மாட்ரிட் பெக்காமை வாங்கிட்டு, டிஃபென்ஸுக்கு முன்னாடி நின்னு ஆடின மக்கெலேலேவை செல்சிக்கு வித்துது. அந்த வருஷம் ஸ்பெயின் லீக் சாம்பியனா இருந்த டீம், மறுபடி லீக் ஜெயிக்க 2007 ஆச்சு. அதுக்கு மக்கெலேலே போனது மட்டுந்தான் காரணம்னு நான் சொல்லல, ஆனா டிஃபென்ஸுக்கு முன்னாடி அந்த இடம் ஓட்டையாத்தான் கிடந்துச்சு.

இன்னைக்கு மேல்மட்டத்துல இருக்கிற பெரிய தொல்லை மேட்ச் எண்ணிக்கை. 2020-21 சீசன்ல ஸ்பெயின் மிட்ஃபீல்டர் பெட்ரிக்கு யூரோ கோப்பையும் ஒலிம்பிக்ஸும் ஒரே கோடையில வந்துச்சு, 70 மேட்ச்சைத் தாண்டி ஆடினாரு. அடுத்த சீசன் தொடைத்தசை காயத்துல பாதி போச்சு. மான்செஸ்டர் சிட்டி மிட்ஃபீல்டர் ரோட்ரி 2024 செப்டம்பர்ல மேட்ச் ரொம்ப அதிகமாப் போகுதுன்னு வாய்விட்டுச் சொன்னாரு. சில நாள்லயே ஆர்சனலோட ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிஞ்சுது. அக்டோபர்ல உலகத்தோட சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது வாங்க ஊன்றுகோல் ஊணிட்டு வந்தாரு.

நம்ம ஊர் செவன்ஸ், அதாவது ஏழு பேர் டீம் டோர்னமெண்ட்ல ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல மூணு மேட்ச் வைக்கிறாங்க. வேற வழியில்லன்னா முதல் மேட்ச் முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ள வாழைப்பழம், சாதம் ஏதாவது உள்ள போகட்டும். ரெண்டாவதுல பாதி ஆடிட்டு மாத்திக்கங்க. மூணாவதுல தொடையில சுருக்குன்னு இழுத்தா உடனே கையைத் தூக்கிட்டு வெளிய வந்துடுங்க, ஸ்ப்ரே அடிச்சுக்கிட்டு மறுபடி உள்ள போகாதீங்க.

லைட் போட்டுட்டாங்க, பசங்க கேம் ஆரம்பிக்கப் போறாங்க. கட்டாந்தரைக்கு பூட்ஸ் அடியில எந்த ஸ்டட்ஸ்னு அடுத்த வீடியோவில பாப்போம்.