குழந்தையின் மனக்காயமும் பக்கத்தில் இருக்கும் பெரியவரும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெருந்துயரம் நேர்ந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள், அங்குள்ள குழந்தைகளைப் பற்றிப் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். “சின்னப் பிள்ளைதானே, சீக்கிரம் மறந்துவிடும்” என்பார்கள். அல்லது “இவன் திடமான பிள்ளை, எதையும் தாங்கிக்கொள்வான்” என்பார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவைதாம் இரண்டும். ஆனால் மறந்துவிடும் என்று நம்புகிறவர் குழந்தையை உற்றுக் கவனிப்பதில்லை. தாங்கிக்கொள்வான் என்று நம்புகிறவர் குழந்தைக்காக எதையும் செய்வதில்லை. துயரத்திலிருந்து மீண்டு எழும் திறன் குழந்தையின் மனத்துக்குள் பிறவியிலேயே வைக்கப்பட்ட சொத்து என்ற எண்ணம்தான் இவ்விரண்டுக்கும் அடியில் இருக்கிறது. அந்தத் திறனில் பெரும்பங்கு குழந்தைக்கு வெளியே, அதைச் சுற்றியிருக்கும் பெரியவர்களிடம் இருக்கிறது என்பதையே இன்றைய உரையில் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் மறதியைப் பற்றி. 1976ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சௌச்சில்லா என்ற சிற்றூரில் 26 குழந்தைகள் பள்ளிப் பேருந்தோடு கடத்தப்பட்டு, மண்ணுக்கடியில் புதைக்கப்பட்டிருந்த ஒரு வண்டிக்குள் அடைத்துவைக்கப்பட்டார்கள். அனைவரும் உயிரோடு தப்பினார்கள். அவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த மனநல மருத்துவர் லெனோர் டெர், அந்த நிகழ்வின் தடம் இல்லாத குழந்தை ஒன்றுகூட இல்லை என்று கண்டார். வாய்விட்டுச் சொல்லாததைக் குழந்தைகள் விளையாட்டில் காட்டினார்கள். மகிழ்ச்சியே இல்லாமல், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டும் விளையாட்டு அது. பேச்சு வராத வயதில் நேர்ந்த அச்சம்கூட உறக்கத்திலும் பசியிலும் உடலின் திடுக்கிடலிலும் தங்கிவிடுகிறது.

ஆகவே மனக்காயத்தின் அடையாளங்களைப் பெரியவர்களின் துயரத்தைப் போலத் தேடினால் கண்ணில் படாது. படுக்கையில் சிறுநீர் கழிப்பதை நிறுத்தியிருந்த குழந்தை மீண்டும் தொடங்கும். தாயின் ஆடையை விடாமல் பிடித்துக்கொள்ளும். பள்ளி வயதில் அது காரணம் புலப்படாத வயிற்றுவலியாகவோ தலைவலியாகவோ, பாடத்தில் மனம் நிற்காத நிலையாகவோ வெளிப்படும். வளரிளம் பருவத்தினரிடம் எரிச்சல், தனித்து ஒதுங்குதல், ஆபத்தைப் பொருட்படுத்தாத துணிச்சல் என்று உருமாறும். அச்சத்தைக் கண்காணிக்கும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி, ஆபத்து நீங்கிய பின்னும் ஓயாமல் எச்சரித்துக்கொண்டிருப்பதால், நிதானமாக எண்ணிப் பார்க்க உதவும் மூளையின் முன்புறப் பகுதியின் பணி தடைபடுகிறது. கதவு அறையும் ஓசைக்குப் பாய்ந்து எழுந்து பக்கத்து மாணவனைத் தள்ளிவிடும் சிறுவனை வகுப்பில் தண்டிக்கிறோம். அவன் உடலோ, இன்னும் அந்தப் பழைய நாளில்தான் இருக்கிறது.

இனி, தாங்கும் திறன் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் லண்டன் நகரத்தின் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோது, குழந்தைகளின் உளப்பகுப்பாய்வாளர்களான அன்னா ஃபிராய்டும் டாரதி பர்லிங்காமும் அந்நகரின் ஹாம்ஸ்டெட் பகுதியில் குழந்தைகளுக்கான காப்பகங்களை நடத்தினார்கள். குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே பல குழந்தைகளை ஆழமாகக் குலைத்தது என்பதும், தாய் அமைதியாக இருந்தால் குழந்தையும் பெரும்பாலும் அமைதியாக இருந்தது என்பதும் அவர்கள் கண்டவை. குழந்தை ஆபத்தை நேரடியாக அளப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் பெரியவரின் முகத்தைப் பார்த்தே அளக்கிறது.

இதை நெடுங்கால ஆய்வு ஒன்றும் உறுதிப்படுத்தியது. ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கவாய் தீவில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர்கள் எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் அவர்கள் நடுவயதை எட்டும்வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, பெற்றோரின் மனநோய், குடிப்பழக்கம், குடும்பப் பிளவு போன்ற பல சுமைகளை ஒருங்கே சுமந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், தன்னம்பிக்கையும் பிறர்மீது அக்கறையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். தாத்தா, பாட்டி, அத்தை, ஆசிரியர், அண்டை வீட்டார் என்று எவரேனும் ஒருவரேனும் அவர்களோடு நிலையாக இருந்தார்கள். இந்த மூன்றில் ஒரு பங்கைத்தான் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். என்னை அதைவிட அதிகம் கவர்வது மீதிப் பேரின் கதை: பதினெட்டு வயதில் வழிதவறிப் போனவர்கள் என்று எண்ணப்பட்ட இளைஞர்களில் பலர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் நல்ல துணையாலோ, மீண்டும் தொடங்கிய கல்வியாலோ, சேர்ந்துகொண்ட ஒரு சமூகத்தாலோ வாழ்க்கையைச் சீராக்கிக்கொண்டார்கள். பதினெட்டு வயதில் ஒருவரைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

குழந்தைப் பருவத் துன்பங்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் அண்டாவும் 1998இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வையும் இந்த மனநிலையோடுதான் படிக்க வேண்டும். துன்பங்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பிற்கால உடல்நோய்களும் மனநோய்களும் கூடுகின்றன என்று பெருந்திரளான மக்களிடையே அவர்கள் காட்டினார்கள். அது மக்கள்தொகைக்குரிய கணக்கு. அந்த எண்ணை ஒரு தனிக் குழந்தையின் நெற்றியில் எழுதிவைப்பது அறிவியலும் ஆகாது, அன்பும் ஆகாது.

அப்படியானால் பக்கத்தில் இருக்கும் பெரியவர் என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றுக்கும் முன்பாகத் தீங்கு நின்றாக வேண்டும். அடிப்பவரும் துன்புறுத்துபவரும் அதே வீட்டில் இருக்கும்வரை, மீள்திறனை வளர்ப்பதைப் பற்றிப் பேசுவது அக்குழந்தைக்கு இழைக்கும் இன்னொரு அநீதி. அதற்கு அடுத்தபடியாக அன்றாட ஒழுங்கு: விழிக்கும் நேரம், உண்ணும் நேரம், பள்ளி, விளையாட்டு, உறக்கம் ஆகியவை கூடியவரை பழையபடி திரும்ப வேண்டும். உலகமே தலைகீழான பிறகு, அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிவதே குழந்தைக்குப் பெரும் மருந்து. எந்த உடை அணிவது, யார் பக்கத்தில் படுப்பது போன்ற சிறிய முடிவுகளை அதனிடமே விட்டுவிடலாம். எல்லாமே கைமீறிப் போன பிறகு, தன் கையிலும் ஏதோ இருக்கிறது என்று அது உணரட்டும்.

உண்மையைச் சொல்வதுதான் பெரியவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. இறந்தவர் தூங்குகிறார் என்று சொன்னால், குழந்தை தூங்கவே அஞ்சத் தொடங்கும். எதுவும் சொல்லாமல் விட்டால், தான் கோபத்தில் சொன்ன ஒரு சொல்லால்தான் இந்தத் துயரம் நேர்ந்தது என்று அது தானாகவே முடிவுகட்டும். சிறு குழந்தைகள் இவ்வாறு பழியைத் தம்மீதே போட்டுக்கொள்வது மிகவும் இயல்பானது. கேட்காவிட்டால் வெளியே வராதது. “இது உன்னால் நடக்கவில்லை” என்று ஒருமுறை சொன்னால் போதாது, பலமுறை சொல்ல வேண்டும்.

குழந்தையை வற்புறுத்திப் பேசவைக்கலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. கூடாது. அதிர்ச்சி நிகழ்ந்த சில நாட்களிலேயே ஒரே அமர்வில் நடந்ததை எல்லாம் சொல்லவைக்கும் முறை முன்பு பரவலாக இருந்தது. அது பின்னாளைய மனநோயைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்குத் தீங்கும் விளைவித்திருக்கலாம் என்றும் ஆய்வுகளின் தொகுப்பு காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, சூழலைப் பார்ப்பது, சொல்வதைக் கேட்பது, தேவையான உதவியோடு இணைத்துவிடுவது ஆகியவற்றோடு நின்றுகொள்கிறது. ஆனால் பிற்பாடு தேவைப்படும் முறையான சிகிச்சையில் நடந்ததைப் பேசுவது உண்டு. எண்ணங்களையும் நடத்தையையும் சீராக்க உதவும், அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில், பொதுவாக 12 முதல் 16 அமர்வுகளில், முதலில் உடலை அமைதிப்படுத்தப் பழக்கிவிட்டு, பிறகு சிறிது சிறிதாகக் குழந்தை தன் கதையைச் சொல்கிறது. பெற்றோரோ பாதுகாவலரோ அதில் உடன் பங்கேற்கிறார். வேகத்தைக் குழந்தையே வைத்துக்கொள்வதுதான் ஒரே அமர்வில் சொல்லவைத்த அந்தப் பழைய முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு.

வளரிளம் பருவத்தினரில் ஒருவகையினரைத் தனியே சொல்ல வேண்டும். துயரத்துக்குப் பிறகு வீட்டு வேலைகளை ஏற்று, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு, அழாமல், மதிப்பெண்ணும் குறையாமல் நடந்துகொள்ளும் மூத்த பிள்ளைகள் அவர்கள். எல்லோரும் அவர்களைப் பாராட்டுகிறார்கள். எவரும் அவர்களை விசாரிப்பதில்லை. அந்தப் பாராட்டே அவர்கள் அழுவதற்குத் தடையாகிவிடுகிறது.

உறக்கமின்மையும் அச்சக் கனவுகளும் பிறரிடமிருந்து விலகலும் ஒரு மாதத்தைத் தாண்டியும் தணியாவிட்டால், மனநல மருத்துவரையோ குழந்தை உளவியலாளரையோ அணுக வேண்டும். சாவைப் பற்றிய பேச்சோ, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அடையாளமோ தெரிந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. “சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?” என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்கிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள்; ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.

குணமடைதல் நேர்கோட்டில் நடப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நினைவுநாள் நெருங்கும்போது பழைய அறிகுறிகள் திரும்பலாம். ஐந்து வயதில் தந்தையை இழந்த குழந்தை, பத்து வயதிலும் பதினைந்து வயதிலும் அதே கேள்வியோடு மீண்டும் வரும். ஏனென்றால் இறப்பையும் இழப்பையும் ஒவ்வொரு வயதிலும் அது வேறு ஆழத்தில் புரிந்துகொள்கிறது. “இதைத்தான் அன்றைக்கே சொன்னேனே” என்று அடக்கிவிடாமல், அந்த வயதுக்கு ஏற்ற கூடுதல் விவரங்களோடு மறுபடியும் முதலிலிருந்து சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.