இடுப்பில் ஒன்றேகால் கிலோ

நேயர்களுக்கு வணக்கம். ஹூஸ்டனில் கைத்துப்பாக்கி உரிமத்துக்கான பயிற்சி வகுப்புகளை நான் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். வகுப்புக்கு வரும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்வியைப் பற்றி இன்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். அன்றாடம் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லப் பெரிய, கனமான ரிவால்வரை வாங்கலாமா என்பதே அந்தக் கேள்வி.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எச்1பி போன்ற பணி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது இந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற ஒருசில விலக்குகள் மட்டுமே உண்டு. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல் உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு, விசாவை மறந்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். பச்சை அட்டை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

சென்ற குளிர்காலத்தில் ஒரு தம்பி வகுப்புக்கு வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், குடியுரிமை பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கையில் புதிய ரிவால்வர். இலேசான உலோகக் கலவையில் செய்தது, எடை 340 கிராம் இருக்கும். சட்டைப் பையில் போட்டால்கூடத் தெரியாது என்று பெருமையாகக் காட்டினார். அதில் .357 மேக்னம் என்ற வலிமை மிக்க தோட்டாக்களை நிரப்பிச் சுட்டார். மூன்றாவது வெடிக்குப் பிறகு துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளங்கையைத் தேய்த்தார். "அண்ணா, மீதி இரண்டையும் நீங்களே சுட்டுவிடுங்கள்" என்றார். இலக்குத் தாளில் ஒரே ஓர் ஓட்டைதான் இருந்தது, அதுவும் ஓரத்தில்.

நான் என் இடுப்பிலிருந்ததை எடுத்து, தோட்டாக்களை அகற்றி, அதே மேக்னம் தோட்டாக்களை நிரப்பிக் கொடுத்தேன். ரூகர் ஜிபி100 என்ற ரிவால்வர், நான்கு அங்குலக் குழல், வெறும் எடை 1.13 கிலோ, ஆறு தோட்டாக்களும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. ஆறையும் சுட்டார். ஆறும் தாளில் இருந்தன. அவர் முகத்தில் வந்த வியப்பை நான் பலமுறை வேறு முகங்களிலும் பார்த்திருக்கிறேன்.

இது மாயமில்லை. நம் ஊர்ச் சாலையில் காலி மாட்டுவண்டிதான் தூக்கித் தூக்கிப் போடும். நெல் மூட்டை ஏற்றிய வண்டி அமைந்து போகும். துப்பாக்கியும் அப்படித்தான். ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் கைக்கு வந்து சேரும் பின்னுதைப்பின் ஆற்றல் மூன்று மடங்காகிறது. சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசையையும் (டிரிகர்) பாருங்கள். தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலை முன்கூட்டி இழுத்து வைக்காமல் சுட, ரிவால்வரின் விசையை நான்கரை முதல் ஐந்தரை கிலோ அழுத்தத்தில் இழுக்க வேண்டியிருக்கும். 340 கிராம் பொருளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அதில் ஐந்து கிலோ இழுப்பு இழுத்தால் குழல் அசையாமல் எப்படி இருக்கும்? கனமான ரிவால்வரில் அந்த இழுப்பைத் துப்பாக்கியின் எடையே தாங்கி நிறுத்துகிறது.

பெரிய ரிவால்வரை மறைத்துச் செல்லும் ஆசை அமெரிக்காவில் பழையது. கோல்ட் துப்பாக்கி நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பவர், .45 அளவுள்ள பெரிய ரிவால்வர்களின் குழலை அறுத்துக் குட்டையாக்கி, தோல் வைத்துத் தைத்த கால்சட்டைப் பைகளில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு நடந்தார். விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் முன்பாதியையும் வெட்டி எடுத்துவிடுவார். அந்த வெட்டு வேலையை இன்று யாரும் செய்யக் கூடாது. விசை திறந்து கிடக்கும் துப்பாக்கி பைக்குள் எதிலாவது சிக்கி வெடித்துவிடக்கூடும். 1935இல் ஸ்மித் அண்ட் வெசன் என்ற இன்னொரு துப்பாக்கி நிறுவனம் .357 மேக்னம் ரிவால்வரைக் கொண்டுவந்தபோது, அந்தத் தோட்டாவின் வேகத்தைத் தாங்கத் தன் ரிவால்வர்களின் பெரிய உடற்கூட்டைத்தான் பயன்படுத்தியது. அதைவிடப் பெரிய .44 மேக்னம் தோட்டா பிறக்கக் காரணமாக இருந்த ஐடஹோ மாநில எழுத்தாளர் எல்மர் கீத், நான்கு அங்குலக் குழலுள்ள அந்த .44 துப்பாக்கியையே தினமும் இடுப்பில் சுமந்தார். ஆனால் அவர் மலைநாட்டுப் பண்ணையில் வாழ்ந்த மனிதர். ஆகஸ்ட் மாத ஹூஸ்டன் வெயிலில், மெல்லிய சட்டையோடு, மளிகைக் கடைக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும் நாம் அவரைப் பார்த்து வாங்கினால் அது தவறான கணக்கு.

மறைப்பதில் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்று உண்டு. குழல் நீளமாக இருந்தால் வெளியே தெரியும் என்று பயப்படுகிறார்கள். குழல் தொடையோடு ஒட்டிக் கீழே போய்விடுகிறது. அதைச் சட்டை மறைத்துவிடும். காட்டிக்கொடுப்பது கைப்பிடிதான். குனியும்போது சட்டையைத் துருத்திக்கொண்டு நிற்பது அந்தப் பிடியின் அடிமுனை. ஆகவே பிடி சிறியதாக, முனை உருண்டிருக்கும்படி பார்த்து வாங்குங்கள். நான்கு அங்குலக் குழலை இரண்டாக்கிக் கிடைக்கும் பலன் மிகச் சிறியது. தோட்டாக்கள் இருக்கும் உருளையின் தடிமனைப் பற்றியும் வீண் கவலை வேண்டாம். சிறிய ரிவால்வரின் உருளை ஏறத்தாழ 33 மில்லிமீட்டர், என்னுடையது 39. சட்டையை வெளியே விட்டு உடுத்தும் நம் வழக்கம் இதற்கு நல்ல துணை.

பெல்ட்டைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். அலுவலகத்துக்குக் கட்டும் மெல்லிய பெல்ட்டில் ஒன்றேகால் கிலோவைத் தொங்கவிட்டால் மதியத்துக்குள் கால்சட்டை ஒருபக்கம் இறங்கிவிடும். மாலையில் இடுப்பு வலிக்கும். அடுத்த வாரம் துப்பாக்கியின்மேல் பழி போடுவீர்கள். இரண்டு தோலை ஒட்டித் தைத்த, ஒன்றரை அங்குல அகலமுள்ள விறைப்பான பெல்ட் வேண்டும். உறை, விசை வளையத்தை முழுவதும் மூட வேண்டும். வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், உடலோடு இழுத்துப் பிடிக்கும் உறையாக இருந்தால் பாதி எடை மறைந்துவிட்டது போலத் தோன்றும். துப்பாக்கிக்குச் செலவழித்துவிட்டு இவ்விரண்டிலும் கஞ்சத்தனம் காட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் வரும்.

ரிவால்வரே எதற்கு, கைப்பிடிக்குள் பதினைந்து தோட்டாக்கள் கொள்ளும் பிஸ்டல்கள் இதைவிட இலேசாகக் கிடைக்கின்றனவே என்று கேட்பீர்கள். நியாயம்தான். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த மோதலில் எஃப்பிஐ முகவர்கள் இருவர் இறந்து ஐவர் காயமடைந்த பிறகு, காவல்துறைகள் ரிவால்வரைக் கைவிடும் வேகம் கூடியது. ஆறு தோட்டாக்கள் தீர்ந்த பிறகு மீண்டும் நிரப்புவது மெதுவான வேலை. ஆனால் ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். நீளமான, கனமான அந்த விசை இழுப்பு தற்செயலாக எளிதில் நடந்துவிடாது. எனக்கு இவை போதுமான காரணங்கள். உங்களுக்குப் போதாமல் இருக்கலாம்.

கனமான துப்பாக்கியின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சுமக்க அலுத்துப்போனவர் அதைக் கழற்றுகிறார். எங்கே வைக்கிறார்? கார் இருக்கைக்கு அடியில், சோபா மெத்தையின் இடுக்கில், கழிப்பறைத் தொட்டியின்மேல். காரிலிருந்து திருடுபோகும் துப்பாக்கிகள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. தோட்டா நிரப்பிய துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்து, அது பதினேழு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்தால் டெக்சாஸில் அது குற்றம். 2021இல் இந்நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர்; அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், எந்த எடைத் துப்பாக்கியும் அந்த வீட்டில் வேண்டாம் என்று நான் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். அதைக் கேட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. மனநிறைவோடு கொடுத்தேன்.

ஆகவே வாங்க விரும்புபவர்களுக்கு ஒரு சோதனை வைத்திருக்கிறேன். தோட்டா இல்லாத துப்பாக்கியை, இரண்டு முறை திறந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, நல்ல பெல்ட்டில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் இரண்டு வாரம் நடமாட வேண்டும். சாப்பிட, உட்கார, குழந்தையைத் தூக்க, எல்லாவற்றுக்கும் அதோடுதான். எத்தனை முறை கழற்றினோம் என்று தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த மதுரைத் தம்பிக்கு என்னுடையதைப் போன்ற ஒன்றின்மேல் ஆசை வந்துவிட்டது. வாங்கினார். சோதனையையும் நேர்மையாகச் செய்தார். பதினான்கு நாளில் முப்பத்தொரு முறை கழற்றியிருந்தார். ஒருமுறை சாப்பாட்டு மேசையில் மறந்து வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார். தாளை என்னிடம் நீட்டியபோது அவர் குரல் கம்மியிருந்தது. வீட்டில் நான்கு வயது மகள். இப்போது அந்த ரிவால்வர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. சனிக்கிழமைகளில் சுடுதளத்துக்கு எடுத்து வருகிறார். ஆறில் ஆறையும் நடுவட்டத்தில் போடுகிறார். இடுப்பில் எதையும் கட்டிக்கொள்வதில்லை.