பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிவு: ரேக்கைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியது

வணக்கம் நண்பர்களே. இன்று நாம் பார்க்கப்போவது பதினைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டீசல் வண்டி. பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவில் அளவு அடிக்கடி குறைந்துவிடுகிறது என்றும், காலையில் வண்டியை எடுத்து வளைக்கும்போது முன்பக்கத்திலிருந்து முனகல் போன்ற சத்தம் வருகிறது என்றும் இதன் உரிமையாளர் சொல்கிறார். ஒரு பணிமனையில் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "ரேக் போய்விட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஸ்டீயரிங் திரும்புவதை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ரேக்தான் இந்த அமைப்பிலேயே விலை கூடிய பாகம். அதை மாற்றினால் வீல் அலைன்மென்ட் செலவும் கூடவே வரும். ஆகவே, கசிவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இப்போது வரும் கார்கள் பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங்கிற்கு மின்மோட்டார்தான் உதவுகிறது. அவற்றில் இந்த ஆயிலே கிடையாது. நம் வண்டியில் இருப்பது பெல்ட்டால் சுழலும் பம்ப் கொண்ட பழைய ஹைட்ராலிக் அமைப்பு. இதற்கு உரியது டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) என்பதால் ஆயில் சிவப்பாக இருக்கும். கசிந்ததை ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றிப் பாருங்கள்: இதோ, அழுக்கேறிய பழுப்புச் சிவப்பு. என்ஜின் ஆயிலாக இருந்தால் கறுத்திருக்கும்; கூலன்ட்டாக இருந்தால் இத்தனை பிசுபிசுப்பு இருக்காது. சில ஐரோப்பிய வண்டிகளில் பச்சை நிற ஆயில் வரும். அதனுடன் இதைக் கலந்தால் ஆயில் வெளியேறாமல் தடுக்கும் சீல்கள் கெட்டுப்போகக்கூடும் என்பதால், டப்பா மூடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

ஆயில் புவியீர்ப்பால் கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கமாகத் தள்ளும். அதனால் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. ரேக் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதால் எது கசிந்தாலும் பழி அதன் மேல்தான் விழுகிறது. எனவே பம்ப், ஹோஸ்கள், ரேக் மூன்றையும் பிசுக்கு நீக்கும் டிகிரீசர் போட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டிருக்கிறேன். பெல்ட்டின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என்ஜின் ஓடுகிறது. உள்ளே இருக்கும் தம்பி ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்புகிறார். கோடியில் ஐந்து நொடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. அந்த நிலையில் பம்ப்பிலிருந்து ரேக்குக்குப் போகும் பிரஷர் ஹோஸில் அழுத்தம் ஆயிரம் பி.எஸ்.ஐ-யைத் தாண்டும், பம்ப் சூடாகிவிடும். அந்த நேரத்தில் ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. மெல்லிய பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். ஓர் அட்டையைக் காட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு.

அட்டையில் ஒரு துளிகூட இல்லை. பிரஷர் ஹோஸின் கிரிம்ப் முனைகளும் (உலோக வளையத்தை நெரித்துப் பொருத்திய இடங்கள்) காய்ந்தே இருக்கின்றன. ரேக்கின் இரு பக்க ரப்பர் பூட்களையும் (மடிப்பு உறைகள்) அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் கிளிப் ஓரமாகப் பிதுங்கி வரும், வரவில்லை. உள் சீல் போயிருந்தால் இங்கேதான் தெரிந்திருக்கும். ஆனால் டப்பாவைத் திறந்து பாருங்கள், ஆயில் முழுவதும் பொடி நுரை. எங்கோ காற்று உள்ளே புகுகிறது என்பதற்கு இதுவே அடையாளம். காலையில் கேட்கும் முனகலும் இதனால்தான். அளவு அடியோடு இறங்கியிருந்தால் காற்று புகுவது இயல்பு. இதிலோ இப்போது அளவு சரியாகவே இருக்கிறது. ஆக, சந்தேகம் டப்பாவிலிருந்து பம்ப்புக்கு வரும் உறிஞ்சு ஹோஸின் மேல் திரும்புகிறது. என்ஜின் ஓடும்போது பம்ப் உறிஞ்சுவதால் அந்த ஹோஸில் உள்ள வெடிப்பு வழியே காற்று உள்ளே போகும், ஆயில் வெளியே வராது. என்ஜினை நிறுத்தினால் டப்பாவில் உள்ள ஆயிலின் எடையால் அதே வெடிப்பு வழியே சொட்டும்.

இரவு முழுவதும் வண்டியை நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் எடுத்த காட்சி இது. பம்ப்பின் வாயில் ஹோஸ் பொருந்தும் இடத்தில், கிளாம்ப்புக்குக் கீழே, ஒரு சிவப்புத் துளி தொங்குகிறது. அங்கிருந்து பிரஷர் பைப்பின் மேல் வழிந்து ரேக் பூட்டில் போய் முடிகிறது. கிளாம்ப்பை நகர்த்தினால் ரப்பர் கல்லாகிப் போய், நகக்கண் அளவுக்கு நீளவாக்கில் வெடித்திருப்பது தெரிகிறது. இதன் மேல் கிளாம்ப்பை எத்தனை இறுக்கினாலும் பயன் இல்லை. லீக்கை அடைக்கும் திரவங்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெடித்த ரப்பரை எந்தத் திரவமும் ஒட்டாது.

ஹோஸை முழுதாக மாற்றுகிறோம். அதே உள்விட்டம் உள்ள, ஆயிலுக்கென்று தயாரித்த ஹோஸ்தான் வேண்டும். ரேடியேட்டர் ஹோஸைப் போட்டால் ஆயில் பட்டு உப்பி, சில மாதங்களில் கழன்றுவிடும். பிரஷர் ஹோஸ் போயிருந்தால் ஜேசிபி ஹோஸ் கடைகளில் கிரிம்ப் செய்து தருவார்கள், ஆனால் கம்பெனி ஹோஸ் கிடைத்தால் அதையே வாங்குவது நல்லது.

புதிய ஆயில் ஊற்றியவுடன் என்ஜினைப் போடாதீர்கள். ஜாக்கி வைத்து முன்சக்கரங்களைத் தூக்கி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். உள்ளே நிற்கும் காற்று வெளியேற, என்ஜினைப் போடாமலேயே ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் இருபது முறை நிதானமாகத் திருப்பி, குமிழி வரும்போதெல்லாம் அளவைச் சரிசெய்யுங்கள். அதன் பின் ஸ்டார்ட் செய்து மீண்டும் திருப்புங்கள். நுரை கட்டினால் நிறுத்திவிட்டு, அது அடங்கும்வரை காத்திருங்கள். என்ஜின் சூடான பின் ஆயில் டப்பாவில் உள்ள 'ஹாட்' கோட்டில் நிற்க வேண்டும். ஒரு வாரம் கழித்து கிளாம்ப்பைத் தொட்டுப் பாருங்கள். விரல் காய்ந்தே இருந்தால் வேலை முடிந்தது. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், கழிவு ஆயில் எடுப்பவரிடம் கேனோடு கொடுத்துவிடுங்கள்.