நட்சத்திரக் குரலா? பிரியாத இணையா?

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, இவ்வளவு நேரம் எங்களை வறுத்தெடுத்த எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'கலைப்பாடலை வாழவைப்பவர் நட்சத்திரப் பாடகரா, பிரியாத பாடகர்-பியானோ இணையா?' இதுதான் கேள்வி. எதிரணித் தலைவர் நிரம்பி வழியும் அரங்கம் ஒன்றை நம் கண்முன் நிறுத்தினார். ஓபரா என்ற இசை நாடகத்தில் பெயர் வாங்கிய குரல் மேடையேறினால் டிக்கெட் தானாக விற்கும், பியானோவுக்கு அன்று யார் கிடைக்கிறாரோ அவரை அமர்த்திக்கொண்டால் போதும் என்றார். போகிற போக்கில், "பியானோ பக்கவாத்தியம்தானே" என்றும் ஒரு வார்த்தை விட்டார். ஐயா, அந்த வார்த்தைக்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.

கலைப்பாடல் என்பது என்ன? ஒரு கவிஞர் எழுதிய கவிதைக்கு ஓர் இசையமைப்பாளர் ஒரு குரலையும் ஒரு பியானோவையும் மட்டும் வைத்து இசை அமைப்பது. வேடம் கிடையாது, திரைச்சீலை கிடையாது, வாத்தியக் குழு கிடையாது. இரண்டு பேர், ஒரு கவிதை. இசையமைப்பாளர் ஹ்யூகோ வோல்ஃப் 1880-களின் இறுதியில் ஜெர்மன் கவிஞர் மோரிக்கேயின் கவிதைகளுக்கு இசை அமைத்து வெளியிட்டபோது, 'ஒரு குரலுக்கும் பியானோவுக்குமான கவிதைகள்' என்றே அட்டையில் போட்டார். குரலையும் பியானோவையும் ஒரே வரியில் வைத்தார். பக்கவாத்தியம் என்று அவர் யாரையும் ஓரத்தில் உட்கார வைக்கவில்லை.

இனி ஒரு பாட்டைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் 1840-ல் கவிஞர் ஹைனேயின் கவிதைகளைக் கொண்டு 16 பாடல்களில் ஒரு தொடர் எழுதினார். 'கவிஞனின் காதல்' என்று அதற்குப் பெயர். முதல் பாட்டைத் தொடங்குவது பியானோ. எந்தச் சுருதியில் நிற்கிறோம் என்றே பிடிபடாமல் சில கணங்கள் தயங்கித் தயங்கி நகரும். அந்தத் தயக்கத்துக்குள் குரல் நுழைகிறது. மே மாதம், மொட்டுகள், நெஞ்சில் மலர்ந்த காதல் என்று பாடிவிட்டுக் குரல் ஓய்ந்துவிடும். பியானோ மட்டும் தொடரும், ஆனால் முடிக்காது. வந்து சேர வேண்டிய இடத்துக்கு ஒரு படி முன்னால், ஏழாம் சுரம் சேர்ந்த ஒரு கூட்டொலியில் அப்படியே தொங்கி நிற்கும். காதலைச் சொல்லியாகிவிட்டது, பதில் வரவில்லை. இதைச் சொல்வது யார்? கவிதையில் அந்த வரியே இல்லை. பியானோதான் சொல்கிறது.

அந்தத் தொங்கலை எத்தனை நொடி நீட்டலாம்? இரண்டாம் பாட்டு எப்போது தொடங்க வேண்டும்? தாளில் நொடிக்கணக்கு எழுதி வைக்கவில்லை. பாடகர் மூச்சை இழுக்கும் விதத்தைப் பார்த்துப் பியானோக்காரரும், பியானோக்காரரின் மணிக்கட்டைப் பார்த்துப் பாடகரும் அங்கேயே முடிவு செய்ய வேண்டும். கச்சேரியன்று பிற்பகல் கைகுலுக்கி அறிமுகமாகி, ஒருமுறை ஒத்திகை பார்த்து, மாலையில் மேடையேறும் இருவரால் இது முடியாதா என்று கேட்பீர்கள். விபத்தில்லாமல் முடிப்பார்கள். ஆனால் விபத்தில்லாமல் முடிப்பதற்கா ஷூமான் இதை எழுதினார்?

அதே தொடரின் கடைசிப் பாட்டுக்கு வாருங்கள். குரல் தன் கடைசிச் சொல்லைப் பாடி முடித்த பிறகும், பெரும்பாலான கச்சேரிகளில் ஒரு நிமிடத்துக்கு மேல் பியானோ தனியாகப் பேசுகிறது. பன்னிரண்டாம் பாட்டின் முடிவில் கேட்ட ராகத்தை அது மீண்டும் எடுக்கிறது. மன்னிப்பா, மறதியா, வெறும் களைப்பா என்பது கேட்பவர் பாடு. எதிரணியின் நட்சத்திரம் அந்த ஒரு நிமிடம் மேடையில் என்ன செய்வார்? கைகளை எங்கே வைப்பார்? கைதட்டலை எதிர்பார்த்துக் கண்ணைத் திறந்துவிட்டால் பாட்டு அங்கேயே போயிற்று. வாயை மூடிக்கொண்டும் பாட வேண்டிய நிமிடம் அது. கூட இருப்பவரின் வாசிப்பைப் பல ஆண்டுகள் கேட்டுப் பழகிய பாடகர்தான் அப்படி நிற்பார்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் வரலாற்றைக் கொண்டுவந்தார். இசையமைப்பாளர் ஷூபர்ட்டை ஊரறியச் செய்தவர் யோஹான் மிஹாயேல் ஃபோகல் என்ற ஓபரா நட்சத்திரம்தானே என்றார். உண்மை. 1821 மார்ச் 7 அன்று வியன்னாவின் கெர்ன்ட்னர்டோர் அரங்கில் ஷூபர்ட்டின் 'எர்ல்கோனிக்' பாட்டை ஃபோகல் பாடினார். அன்று பியானோவில் ஷூபர்ட் இல்லை, அவருடைய நண்பர் ஒருவர் வாசித்தார். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை, எதிரணிக்கு இது நல்ல சாட்சி. ஆனால் கதையை ஏன் அங்கேயே நிறுத்தினார்கள்? 1825 கோடைக்கு வாருங்கள். ஃபோகலும் ஷூபர்ட்டும் மேல் ஆஸ்திரியாவில் ஊர் ஊராகப் போனார்கள். ஸ்டையர், லின்ஸ், க்முண்டன், அங்கிருந்து சால்ஸ்பர்க். போன இடமெல்லாம் வீட்டுக் கூடங்களில் ஒருவர் பாட, மற்றவர் வாசித்தார். பாடகருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, வாசிப்பவருக்கு 28. அந்தப் பயணத்தில் ஷூபர்ட் தன் அண்ணன் ஃபெர்டினாண்டுக்கு எழுதிய கடிதத்தில், ஃபோகல் பாடி நான் வாசிக்கும்போது நாங்கள் ஒருவராகவே ஆகிவிடுவதுபோல் இருக்கிறது, இது இங்குள்ளவர்களுக்கு முற்றிலும் புதிதாக இருக்கிறது என்ற பொருளில் சொல்கிறார். நட்சத்திரத்தால் ஒரு மாலை அமைந்தது. இணையால் ஒரு பழக்கமே பிறந்தது. வீட்டுக்கு வீடு பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பழக்கம்தான்.

அடுத்து, எதிரணியின் பெரிய பீரங்கி: ஜெர்மன் பாடகர் டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கவ். எத்தனையோ பியானோ மேதைகளோடு பாடினார், யாரோடும் கட்டுண்டு கிடக்கவில்லை என்றார்கள். நானும் அவருடைய அடியவன்தான், எனவே கவனமாகவே மறுக்கிறேன். ஷூபர்ட்டின் ஆண்குரல் பாடல்களை ஏறக்குறைய முழுமையாக இசைத்தட்டில் பதியும் மலைபோன்ற வேலைக்கு அவர் யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்? பியானோக்காரர் ஜெரால்ட் மூரை. 1967-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் கச்சேரி மேடைக்கு விடை சொல்லிவிட்ட மூர், இந்த ஒலிப்பதிவு வேலையைத் தொடர்ந்து செய்தார். நட்சத்திரம் ஊரெல்லாம் சுற்றலாம், மலையேறும்போது பழகிய ஆளைத்தான் தேடுகிறது. அந்த மூர் தன் நினைவுக் குறிப்புகளுக்கு வைத்த தலைப்பு தெரியுமா? 'நான் உரக்க வாசிக்கிறேனா?' பியானோக்காரர்களைப் பக்கவாத்தியம் என்று தள்ளிவைத்தவர்களைப் பார்த்து அடித்த நையாண்டி அது. இன்று எதிரணித் தலைவருக்கும் பொருந்துகிறது.

இக்காலத்துக்கு ஒரே ஓர் உதாரணம். ஜெர்மனியில் பவேரியாவின் ஸ்ட்ராபிங் ஊர்க்காரர்களான பாடகர் கிறிஸ்டியான் கெர்ஹாஹரும் பியானோக்காரர் கெரோல்ட் ஹூபரும் மாணவப் பருவத்திலிருந்து சேர்ந்தே இருக்கிறார்கள். ஷூமானின் பாடல்கள் அனைத்தையும், மற்ற பாடகர்களையும் சேர்த்துக்கொண்டு, பதிவு செய்து முடித்தார்கள். பிரபலமான பத்துப் பாட்டை மட்டும் சுற்றிச் சுற்றிப் பாடும் நட்சத்திரத்துக்கு அந்தப் பொறுமை வருமா?

இதுவரை நான் பழைய பாடல்களைப் பற்றியே பேசினேன். என் முக்கியமான வாதம் புதுப் பாடல்களைப் பற்றியது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? நட்சத்திரம் பரிமாறுவார், சரி. சட்டியை நிரப்பியது யார்? பாடகர் பீட்டர் பியர்ஸின் குரலில் எந்தச் சுரம் மின்னும், எது நடுங்கும் என்று இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனுக்கு அத்துப்படி. மைக்கேலாஞ்சலோவின் ஏழு கவிதைகளை அந்தக் குரலுக்காகவே 1940-ல் இசையாக்கினார். 1942-ல் லண்டன் விக்மோர் ஹாலில் அவரே பியானோவில் அமர, பியர்ஸ் பாடினார்.

பிரான்ஸில் இசையமைப்பாளர் பிரான்சிஸ் புலாங்கும் பாடகர் பியேர் பெர்னாக்கும். 1935-லிருந்து 1959 வரை சேர்ந்து கச்சேரி செய்தார்கள். அந்த ஒரு குரலை மனதில் வைத்துப் புலாங்க் சுமார் 90 பாடல்கள் எழுதினார். அப்போலினேரும் எலுவாரும் எழுதிய கவிதைகள் இன்று உலக மேடைகளில் பாடப்படுவதற்கு இந்த இருவர் ஒரு பெரிய காரணம்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே ஒரு கேள்வி, எதிரணியில் அடுத்துப் பேச இருக்கும் சகோதரிக்கு. 1959-ல் பெர்னாக் மேடையிலிருந்து விலகினார். புலாங்க் 1963 ஜனவரி வரை இருந்தார். பேனா ஓயவில்லை, கிளாரினெட், ஓபோ என்ற ஊதுகருவிகளுக்கு ஆளுக்கொரு சொனாட்டா, அதாவது பாட்டில்லாத வாத்தியப் படைப்பு, அந்த ஆண்டுகளில்தான் வந்தது. புகழ்பெற்ற குரல்களுக்கு ஐரோப்பாவில் அப்போது பஞ்சமும் இல்லை. அப்படியிருந்தும் அந்த மூன்றரை ஆண்டுகளில் அவர் குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதிய பாடல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏன் சகோதரி?