டீச்சர் நடிச்சா பசங்க இங்கிலீஷ் பேசுவாங்க

இங்கிலீஷ் கிளாஸ்ல டிராமான்னு சொன்னதும் நிறைய டீச்சர்ஸுக்கு ஆண்டு விழாதான் ஞாபகம் வரும், நல்லா படிக்கிற நாலு பேர பிடிச்சு வசனத்த மனப்பாடம் பண்ண வெச்சு மேடை ஏத்திடுவோம், மத்த பசங்க கை தட்டுறதோட சரி. நான் சொல்லப்போறது டீச்சர் இன் ரோல். இதுல ஸ்கிரிப்டே கிடையாது, வேஷம் போடுறது நீங்க, பேசுறது பசங்க.

(திரையில்: டோரதி ஹீத்கோட், 1926–2011)

இத பிரபலமாக்குனவங்க இங்கிலாந்தோட டோரதி ஹீத்கோட். 14 வயசுல ஸ்கூல விட்டுட்டு மில்லுல நெசவு வேலைக்குப் போனவங்க, பின்னாடி நியூகாசில் யூனிவர்சிட்டில டீச்சர்ஸுக்கே சொல்லிக்கொடுத்தாங்க. எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க!

சரி, எட்டாங்கிளாஸ், பாஸ்ட் டென்ஸ்ல கேள்வி கேக்க பழக்கணும்னு வெச்சுக்கோங்க. முதல்ல போர்டுல நாலஞ்சு கேள்வி எழுதி வாய்விட்டு சொல்ல வைங்க. அப்புறம் "நான் வெளிய போய்ட்டு வேற ஆளா வருவேன், நீங்கல்லாம் ரயில்வே போலீஸ்"னு சொல்லிட்டு, தோள்ல ஒரு பைய மாட்டிக்கிட்டு பதட்டமா உள்ள வாங்க. "ஹெல்ப் மீ, ஐ லாஸ்ட் மை பாஸ்போர்ட்!" அவ்வளவுதான், அதுக்கு மேல நீங்களா எதுவும் சொல்லாதீங்க. கேள்வி கேட்டாதான் விஷயம் தெரியும்னு ஆகும்போது பசங்க தானா வாய தொறப்பாங்க.

இப்ப ஒரு பையன் "வேர் யூ கெப்ட்?"னு கேக்குறான். தப்புன்னு நிறுத்திடாதீங்க ப்ளீஸ், அந்த பயணியாவே இருந்து "வேர் டிட் ஐ கீப் இட்? ஐ கெப்ட் இட் இன் திஸ் பேக்"னு பதில் சொல்லுங்க. சரியான வாக்கியம் அவன் காதுல விழுந்துடும், பேச்சும் நிக்காது. எனக்கு இந்த முறைல ரொம்ப பிடிச்சதே இந்த இடம்தான். திரும்பத் திரும்ப வர்ற தப்புகள மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு கடைசில போர்டுல எழுதி எல்லாருமா சேந்து திருத்துங்க.

கிளாஸ்ல நாப்பது பேர் இருந்தா நாலு நாலு பேரா பிரிச்சு, ஒவ்வொரு குரூப்பும் கூடிப்பேசி ஒரு கேள்விய ரெடி பண்ணட்டும். கூச்சப்படுற பொண்ணோ பையனோ இருந்தா புகார எழுதிக்கிற ரைட்டர் வேலைய குடுங்க, எழுதுறதுக்காகவாவது "ப்ளீஸ் ரிப்பீட்"னு கேக்கணும்ல.

நடிக்க வராதேன்னு பயப்படாதீங்க, ஒரு பை போதும். பை தோள்ல இருந்தா பயணி, மேஜைல வெச்சுட்டா டீச்சர், இத முன்னாடியே பசங்ககிட்ட சொல்லிடுங்க.