"மலைக்கு" வேலைக்குப் போகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

டிரெயில் என்று ஓர் ஊர். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தென்கிழக்கில், கொலம்பியா ஆற்றின் இரு கரையிலும் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் 8,000 பேருக்கும் குறைவு. வான்கூவரிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல். அமெரிக்க எல்லையோ மிகப் பக்கம்.

அங்கே "எங்கே வேலை?" என்று கேட்டால், "மலையில்" என்பார்கள். மலை என்றால் ஆற்றை ஒட்டிய மேட்டில், ஊரின் தலைக்கு மேலேயே நிற்கும் ஈய, துத்தநாக உருக்காலை. பக்கத்து ராஸ்லண்ட் சுரங்கங்களின் தங்க, செம்புத் தாதுவை உருக்க 1896இல் தொடங்கியது. கைகள் மாறி மாறி இப்போது டெக் நிறுவனத்திடம் இருக்கிறது.

ஆலையைவிட எனக்குப் பிடித்தவை அந்த ஊர்ப் படிக்கட்டுகள். மேற்கு டிரெயிலில் வீடுகள் செங்குத்தான சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கும். தெருவிலிருந்து வாசலுக்கு ஏறும் நீண்ட படிகளுக்குக் கூரை போட்டிருப்பார்கள். பனி விழுந்தால் வழித்து மாளாதே! சரிவைத் தாங்கும் கற்சுவர்கள் பல, ஆலை வேலைக்கு வந்த இத்தாலியர்கள் எழுப்பியவை. அவர்களுடைய கொலம்போ சங்கம் 1905இலேயே தொடங்கிவிட்டது.

சரி, புகைக்கு வருவோம். 1920களில் ஆலை பெரிதானது. 409 அடி உயரத்தில் இரண்டு புகைபோக்கிகள் எழுந்தன. கந்தகப் புகை ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியே தெற்கே இறங்கி, எல்லை தாண்டி, வாஷிங்டன் மாநில விவசாயிகளின் பயிரையும் மரங்களையும் கருக்கியது. புகை வருவது அயல்நாட்டிலிருந்து. உள்ளூர்க் கோர்ட்டில் கேஸ் போட்டு என்ன ஆகும்? கடைசியில் இரு நாட்டு அரசுகளும் ஒரு நடுவர் மன்றத்தை அமைத்தன. 1938இல் 78,000 டாலர் இழப்பீடு. 1941இல் இறுதித் தீர்ப்பு: தன் மண்ணிலிருந்து கிளம்பும் புகையால் அடுத்த நாட்டுக்குப் பெருங்கேடு விளைய விட எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை. இன்றைக்கும் சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ஆலைக்காரர்கள் இன்னொரு காரியம் செய்தார்கள். புகையிலிருந்த கந்தகத்தைப் பிடித்து அமிலமாக்கி, அதிலிருந்து அம்மோனியம் சல்பேட் உரம் தயாரித்தார்கள். பயிரைக் கருக்கிய அதே சரக்கு, மூட்டையில் ஏறிப் பயிருக்கே போனது! உலகப்போர்க் காலத்தில் அங்கேயே அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்காகக் கனநீரும் (அணு உலையில் பயன்படும், சாதாரண நீரைவிடக் கனமான நீர்) தயாரானது. ஊரில் பெரும்பாலோருக்கு அது எதற்கென்றே தெரியாது.

ஊரின் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பெயர் 'ஸ்மோக் ஈட்டர்ஸ்'. புகை தின்னிகள்! 1939இலும் 1961இலும் கனடாவுக்காக ஆடி உலகக் கோப்பையை வென்றவர்கள், இரண்டு தடவையும் சுவிட்சர்லாந்தில். அதன்பின் 1994 வரை கனடா அந்தக் கோப்பையைத் தொடவில்லை.

ஆற்றின் கதை அவ்வளவு பெருமையானது அல்ல. உருக்கியதில் மிஞ்சும் கசடு, கண்ணாடிப் பொடி போன்ற கறுப்பு மணலாக, 1990களின் நடுப்பகுதி வரை ஆற்றிலேயே கொட்டப்பட்டது. அது எல்லை தாண்டிப் போய் மறுபடி வழக்கானது.

அப்புறம், ஈயம். ஆலையிலிருந்து வரும் ஈயத்தூசு குழந்தைகளுக்கு நஞ்சு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் பரிசோதிக்கிறார்கள். புது ஆலைப்பகுதி 1990களின் கடைசியில் ஓடத் தொடங்கியபின் அந்த அளவு நன்றாகவே இறங்கியிருக்கிறது. ஆனாலும் பரிசோதனையை நிறுத்தவில்லை. தேவைப்படும் வீடுகளில் ஈயம் படிந்த தோட்டத்து மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு வேறு மண் நிரப்பித் தருகிறார்கள். அந்த வீட்டு அப்பாவோ அம்மாவோ மறுநாள் காலையில் மலைக்கு வேலைக்குக் கிளம்புகிறவராகவும் இருக்கலாம்.

நன்றி, வணக்கம்.